பெட்டி ஏற்கெனவே வந்துவிட்டது

(கல்முனையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"மலிவான, யாரும் எழுதிச் சேர்க்கக்கூடிய ஒரு வீட்டு வீடியோ கேம் பெட்டி வெற்றி பெறுமா?" என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். கேள்வியை எதிர்காலத்தில் கேட்டிருக்கிறார்கள். நான் இறந்தகாலத்திலிருந்து தொடங்குகிறேன். அப்படி ஒரு பெட்டி வெற்றி பெற்றது. இந்தக் கரையிலேயே பெற்றது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும், தொண்ணூறுகளில் பிள்ளையாக இருந்த யாரிடமும் கேளுங்கள்: மைக்ரோ ஜீனியஸ் என்பார்கள். வீட்டில் அதற்கு டீவி கேம் என்றுதான் பெயர். சவூதியிலிருந்து வந்த வாப்பாவோ மாமாவோ கொண்டுவந்த பெட்டிக்குள் டாங் டின்னுக்கும் போர்வைக்கும் நடுவில் அது இருக்கும். இல்லையென்றால் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போனவர் புறக்கோட்டையில் வாங்கி வருவார். அதுவும் இல்லாத பொடியன் அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, அது இருக்கும் கடையில் விளையாடுவான். மரியோ, கொன்ட்ரா, வாத்துச் சுடுவது, டேங்க். கெசட்டின் மேல் 9999999 கேம் என்று அச்சடித்திருக்கும். உள்ளே எண்ணினால் பத்தோ இருபதோ வேறுவேறாக இருக்கும், மற்றதெல்லாம் அவற்றின் திரும்பல். அந்தப் பொய்யை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து இருந்ததே போதும் என்றிருந்தது.

இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

1983 ஜூலை 15ஆம் திகதி ஜப்பானில் நிண்டெண்டோ கொம்பனி ஃபெமிகொம் என்ற பெட்டியை 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது. அதன் மூளை ரிக்கோ கொம்பனி செய்த ஒரு சில்லு. அந்தச் சில்லின் உள்ளே இருந்தது 6502 என்ற 1975ஆம் ஆண்டு வடிவமைப்பு. மற்றக் கொம்பனிகளின் சில்லுகள் நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்ற காலத்தில் 25 டொலருக்கு வந்த சில்லு அது. ஆப்பிளின் முதல் கணினிகளும் அதில்தான் ஓடின. வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். இன்று நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பும் ஒரு ஸலாம் படத்தைக்கூட அதற்குள் வைக்க முடியாது.

ஜப்பான் பெட்டியில் பூட்டு இருக்கவில்லை. அறுபது ஊசி கொண்ட கெசட்டை யார் செய்து செருகினாலும் ஓடும். நிண்டெண்டோ அதைப் பெருந்தன்மையால் திறந்து வைக்கவில்லை. பூட்டவேண்டும் என்று அப்போது தோன்றவில்லை, அவ்வளவுதான். தாய்வானில் இருந்தவர்களுக்கு அது போதும். யூ.எம்.சி. என்ற சில்லுத் தொழிற்சாலை ஃபெமிகொம்மின் இரண்டு முக்கிய சில்லுகளையும் நகலெடுத்தது. டீ.எக்ஸ்.சி. என்ற கொம்பனி அவற்றைப் போட்டு மைக்ரோ ஜீனியஸ் என்ற பெயரில் பெட்டி செய்தது. அதே கொம்பனியின் பெட்டிதான் 1992இன் இறுதியில் ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் இறங்கியது. ஸ்டீப்லர் என்ற நிறுவனம் அதை விற்றது, 1994இல் அதற்கென்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியே நடந்தது. மொஸ்கோப் பிள்ளையும் கல்முனைப் பிள்ளையும் ஒரே சில்லில் மரியோவைக் குதிக்க வைத்தார்கள். இரண்டு பேருக்கும் நிண்டெண்டோ என்ற பெயர் தெரியாது.

இது திருட்டு. அதை மழுப்பத் தேவையில்லை. மௌலவிமார் சபையில் இருக்கிறார்கள், தீர்ப்பை அவர்களிடம் விடுகிறேன். ஆனால் ஒரு தொழில்காரனாக ஒன்றைச் சொல்லவேண்டும்: அது அறிவுள்ள திருட்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டீவி ஒரு செக்கனுக்கு அறுபது முறை படம் மாற்றும். நம் நாட்டு டீவி பால் முறை, ஐம்பது முறை. நிண்டெண்டோ தானே ஐரோப்பாவுக்குச் செய்த பால் பெட்டியில் பல கேம்கள் மெதுவாகிவிட்டன, பாட்டும் இழுத்தது. தாய்வான்காரர்கள் அப்படி விடவில்லை. படம் வரையாமல் சும்மா இருக்கும் வரிகளை இடம் மாற்றி, மூளையின் வேகத்தை ஜப்பான் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுவந்து, ஜப்பான் கெசட் ஐம்பது முறை டீவியிலும் குழம்பாமல் ஓடும்படி சில்லைத் திருத்தினார்கள். உரிமைக்காரன் நம்மை நினைக்காத நேரத்தில் நகலெடுத்தவன் நினைத்திருக்கிறான். அவனுக்கு நம் காசு தேவைப்பட்டது என்பதும் உண்மைதான்.

ஏன் வெற்றி பெற்றது? விலை குறைவு என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் அது முழுப் பதில் இல்லை. வீட்டில் டீவி ஏற்கெனவே இருந்தது; அன்டெனா வயர் செருகும் இடத்தில் இதைச் செருகினால் போதும். பெயர் பதியத் தேவையில்லை, இன்டர்நெட் இல்லை, கிரெடிட் கார்ட் இல்லை. ஒரு கெசட்டை அடுத்த வீட்டு மச்சானுக்குக் கொடுத்து அவனுடையதை வாங்கலாம். பட்டன் அமுங்காவிட்டால் ரேடியோ திருத்துகிறவர் ரப்பரைத் துடைத்துத் தருவார். கெசட் ஓடாவிட்டால் ஊதுவோம். ஊதுவதால் எச்சில் ஈரம்பட்டு ஊசி துருப்பிடிக்குமே தவிர நன்மை இல்லை, திரும்பச் செருகியதால்தான் ஓடியது என்று இப்போது தெரியும். ஆனாலும் இன்றைக்கு ஒரு பழைய கெசட் கையில் கிடைத்தால் ஊதாமல் செருக இந்தச் சபையில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

இப்போது மற்றப் பக்கம். திறந்த பெட்டி என்பது எப்போதும் நல்லதா? அமெரிக்காவில் அதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. ஃபெமிகொம்முக்கு முன்னால் அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது அட்டாரி 2600. அட்டாரியில் வேலை செய்த கேம் எழுதுபவர்கள் சிலர், எங்கள் பெயரைக்கூடப் போடமாட்டோம் என்கிறார்களே என்று வெளியேறி 1979இல் அக்டிவிஷன் என்ற கொம்பனி தொடங்கி, அதே பெட்டிக்குத் தாங்களே கேம் எழுதினார்கள். வழக்கு 1982இல் சமரசமாக முடிந்தது. அந்தக் கதவு திறந்ததும் யார் யாரோ உள்ளே வந்தார்கள். கேம் செய்யத் தெரியாத கொம்பனிகளும் கேம் விற்றன. கடை முழுக்கக் குப்பை. பூட்டு வைத்திருக்கவேண்டிய அட்டாரியே 1982 நத்தாருக்காக ஈ.டி. என்ற கேமை ஐந்து கிழமையளவில் அவசரமாகச் செய்து, விற்காத கெசட்டுகளை 1983இல் நியூ மெக்சிகோவில் குப்பைமேட்டில் புதைத்தது. 2014இல் தோண்டி எடுத்தும் பார்த்தார்கள், மெய்யாகவே அங்கே இருந்தன. 1983 தொடங்கி இரண்டு வருடத்துக்குள் அமெரிக்காவில் வீட்டு கேம் வியாபாரம் படுத்துவிட்டது.

அதைப் பார்த்துத்தான் 1985இல் அமெரிக்காவில் இறங்கிய நிண்டெண்டோ பூட்டுச் சில்லு ஒன்றைச் சேர்த்தது. பெட்டிக்குள் ஒன்று, கெசட்டுக்குள் ஒன்று. இரண்டும் பேசி ஒத்துக்கொண்டால்தான் கேம் ஓடும். எழுதுகிற கொம்பனிக்கு வருடத்துக்கு ஐந்து கேம் மட்டும். கெசட்டை நிண்டெண்டோவே செய்யும், காசு முன்கூட்டியே கட்டவேண்டும். இந்த வியாபார முறைதான் இன்று வரை சோனிக்கும் மைக்ரோசொஃப்டுக்கும் வேதம்.

மருதமுனைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தறியை மலிவாகத் தருகிற முதலாளி நூலையும் தானே கடனுக்குத் தந்து, நெய்த பிடவையையும் தன்னிடமே விற்கச் சொன்னால் கணக்கு எங்கே முடியும் என்று நெசவாளிக்குத் தெரியும். பூட்டிய பெட்டியின் விலை அப்படித்தான் குறைகிறது: பெட்டியில் இலாபம் இல்லாமல், சில வேளை நட்டத்துக்கும் விற்று, ஒவ்வொரு கேமிலும் வரி எடுக்கிறார்கள். இப்போது தலைப்பைத் திரும்பப் பாருங்கள். திறந்த பெட்டி என்றால் அந்த வரி கிடையாது. வரி இல்லையென்றால் பெட்டியை அடக்கவிலைக்குக் கீழே விற்க ஆளில்லை. ஆகவே மலிவும் திறப்பும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் இரண்டு மாடுகள். இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டப் பார்த்தவர்கள் விழுந்த கதை ஒன்று உண்டு.

அதன் பெயர் ஊயா. 2012 ஜூலையில் ஜூலி ஊர்மன் என்ற பெண்மணி கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் காசு கேட்டார். 99 டொலருக்கு ஒரு பெட்டி, உள்ளே அன்ட்ரொயிட், வாங்கிய எவரும் அதே பெட்டியில் கேம் எழுதலாம், திருகாணியைக் கழற்றிப் பார்த்தாலும் குற்றமில்லை. கேட்டது 9,50,000 டொலர். எட்டு மணித்தியாலத்துக்குள் அது நிரம்பியது. முடிவில் 63,000க்கு மேற்பட்டவர்கள் 85 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். வடிவமைத்தவர் ஈவ் பெஹார், பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற பெரிய திட்டத்தின் பச்சை மடிக்கணினியை வடிவமைத்த அதே ஆள். 2013 ஜூன் 25இல் கடைக்கு வந்தது.

ஏன் தோற்றது என்று பலர் பல காரணம் சொல்வார்கள்: பட்டன் சிக்கியது, காசு கொடுத்தவர்களில் சிலருக்குக் கிடைக்குமுன் கடையில் வந்துவிட்டது, சில்லு வருடத்துக்குள் பழசாகிவிட்டது. எல்லாம் சரி. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அதில் ஓடிய கேம்களில் பெரும்பாலானவை போனிலும் ஓடும். ஊயாவுக்கென்றே வந்த நல்ல கேம் டவர்ஃபோல். நாலு பேர் ஒரே கதிரையில் நெருங்கியிருந்து அம்பு விடுகிற கேம். அதுவும் 2014 மார்ச்சில் சோனியின் பூட்டிய பெட்டிக்கும் கணினிக்கும் போய்விட்டது. திறந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பூட்டிய வீட்டில்தான் சோறு கிடைத்தது. 2015இல் ரேசர் கொம்பனி ஊயாவின் கடையை வாங்கியது. 2019 ஜூன் 25இல், விற்பனைக்கு வந்து சரியாக ஆறு வருடத்தில், கடையைப் பூட்டியது. காசு கொடுத்து வாங்கிய கேம்களில் பல அதோடு கிடைக்காமல் போயின. ஏனென்றால் ஊயாவை முதலில் இயக்கவே கணக்குத் திறக்கவேண்டும், கார்ட் எண் கொடுக்கவேண்டும். கேம் இருந்தது அமெரிக்காவில் ஒரு சேர்வரில். திறந்த பெட்டி என்றார்கள், சாவி வேறொருவர் பையில் இருந்தது. முப்பது வருடத்துக்கு முந்திய திருட்டுக் கெசட் இன்றும் ஓடுகிறது.

99 டொலர் மலிவா என்பதையும் பார்ப்போம். 2013இல் ஒரு டொலர் சுமார் 130 ரூபா. பெட்டி ஏறத்தாழ 12,900 ரூபா, வரி சேர்க்காமல். 2022இல் டொலர் 360ஐத் தொட்டபோது அதே 99 டொலர் 35,600 ரூபாவாகியிருக்கும். சம்பளம் அப்படி ஏறவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். டொலரில் மலிவு என்பது நமக்கு மலிவு ஆகாது. மலிவை நம் ரூபாவில், நம் கடையில்தான் அளக்கவேண்டும்.

பிரேசில் நாட்டை இந்த இடத்தில் ஒரு நிமிடம் பார்க்கவேண்டும், அங்கே இரண்டு பாடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. டெக்டோய் என்ற உள்ளூர்க் கொம்பனி 1989இல் சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் பெட்டியை மனாவுஸ் நகரில் தானே பொருத்தி விற்றது; இறக்குமதி வரி அங்கே கடுமை. அதோடு நிற்கவில்லை. 1991இல் ஒரு சேகா கேமைக் கழற்றி, பிரேசில் பிள்ளைகள் சித்திரக் கதைப் புத்தகத்தில் படித்த மோனிக்கா என்ற சுட்டிப் பெண்ணை உள்ளே வைத்து, போர்த்துக்கேய மொழியில் வெளியிட்டது. உலகம் முழுக்கச் செத்துப்போன பெட்டி அங்கே மட்டும் பல பத்தாண்டுகள் விற்றது. அதே டெக்டோய் 2009இல் குவல்கொம்மோடு சேர்ந்து ஜீபோ என்ற மலிவுப் பெட்டியைக் கொண்டுவந்தது. திருட்டுக் கெசட் தொல்லை வேண்டாம் என்று கேமைத் தொலைபேசி அலைவரிசை வழியாக மட்டும் இறக்கவைத்தார்கள். இந்தியாவுக்கும் வருவதாகப் பேச்சிருந்தது. 2011இல் பிரேசிலிலேயே கதை முடிந்தது. கொடுத்து வாங்க முடியாத, பக்கத்து வீட்டுக்குப் போகாத கேம் ஏழை ஊரில் பரவாது.

சரி, ராஸ்பெரி பை இருக்கிறதே என்று பின்வரிசையில் ஒருவர் நினைப்பது முகத்தில் தெரிகிறது. 2012 பெப்ரவரி 29இல் 35 டொலருக்கு வந்த அந்தச் சிறு கணினி 6 கோடிக்கு மேல் விற்றுவிட்டது. ஆனால் அது விளையாட்டுப் பெட்டியாகப் பிழைக்கவில்லை. பெரும்பங்கு தொழிற்சாலைக்காரர்கள்தான் வாங்குகிறார்கள். வேல்வ் கொம்பனியின் ஸ்டீம் டெக் 2022இல் 399 டொலருக்கு வந்தது, அதுவும் திறந்ததுதான், என்ன வேண்டுமானாலும் நிறுவலாம். அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது அவர்களிடம் கேம் விற்கும் கடை இருப்பதால். முதலாளியின் நூல்கடை வேறு வாசலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த ஆட்சேபம் போன். பிள்ளை கையில் உம்மாவின் போன் இருக்கும்போது பெட்டி எதற்கு? நேர்மையாகச் சொன்னால் இது பலமான ஆட்சேபம். ஊயாவை அடித்ததும் அதுதான். ஆனால் போனில் விளையாடும் பிள்ளையைக் கவனியுங்கள். அவன் தனியாக, குனிந்து இருக்கிறான். ஃப்ரீ ஃபயர் என்ற போன் கேமில் அவனுக்கு டயமண்ட் விற்கிறார்கள். விளையாட்டின் நடுவில் ஒரு கடை, கடையின் நடுவில் ஒரு சூது. டீவி கேமில் கையில் பிடித்து விளையாட இரண்டு கட்டை இருந்தது. காக்காவும் தம்பியும் பக்கத்தில் இருந்து சண்டை பிடித்தார்கள், உம்மா கண்ணுக்கு முன்னால். மின்வெட்டு வந்தால் இரண்டு பேரும் ஒன்றாகத் தோற்றார்கள். பெற்றோர் என்னிடம் வந்து "சேர், பிள்ளை கேமுக்கு அடிமையாகிவிட்டான்" என்று சொல்லும்போது, கேம் என்ற ஒரு சொல்லால் இந்த இரண்டையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படுவதில்லை.

பழசைப் புகழ்ந்தேன் என்று நினைக்கவேண்டாம். மைக்ரோ ஜீனியஸில் ஒரு பெரிய குறை இருந்தது. நாங்கள் அதில் விளையாடினோமே தவிர ஒன்றையும் எழுதவில்லை. ஜப்பான் பிள்ளைகளுக்கு நிண்டெண்டோ 1984இலேயே விசைப்பலகையும் பேசிக் மொழியும் விற்றது. நமக்கு வந்தது கட்டையும் துவக்கும்தான். நாங்கள் எழுதக் கிடைத்த ஒரே இடம் டேங்க். நாம்கோ 1985இல் செய்த அந்தக் கேமின் முதல் திரையில் மூன்றாவது வரியாகக் கன்ஸ்ட்ரக்ஷன் என்று இருக்கும். அதற்குள் போனால் செங்கலையும் இரும்பையும் தண்ணீரையும் நம் விருப்பப்படி அடுக்கி, சொந்தமாக ஒரு களம் கட்டி, அதிலேயே விளையாடலாம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத வயதிலேயே எல்லாருக்கும் அந்த மூன்றாவது வரி தெரியும். பெட்டியை நிறுத்தினால் கட்டியது அழிந்துவிடும், சேமிக்க இடமில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் களம் கட்டிக் கட்டி அழியவிட்டார்கள். அந்த ஆசையைப் பிடித்து நடத்திப்போக யாரும் இருக்கவில்லை.

இங்கேதான் என் கருத்துக்கு வருகிறேன். புதிய பெட்டி செய்யத் தேவையில்லை. அந்த 1983 பெட்டியே இப்போது மெய்யாகத் திறந்துவிட்டது. காப்புரிமம் இருபது வருடம். ஃபெமிகொம்மின் வன்பொருள் காப்புரிமங்கள் 2000களின் நடுவோடு காலாவதியாகிவிட்டன. மரியோ இன்னும் நிண்டெண்டோவுக்குத்தான் சொந்தம், கொன்ட்ரா கொனாமிக்குத்தான் சொந்தம். ஆனால் அந்தப் பெட்டிக்கு நீங்கள் ஒரு புதிய கேம் எழுதினால் அது உங்களுடையது, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, வரி கட்டத் தேவையில்லை. எழுத சீசீ65 என்ற சி மொழித் தொகுப்பி இலவசம். பிழை பார்க்க, கணினியிலேயே அந்தப் பெட்டிபோல் நடிக்கும் எஃப்சீஇயூஎக்ஸ், மெசன் போன்ற போலிப்பிகள் இலவசம். பாடசாலை மூலையில் தூசு படிந்த கணினியிலும் அவை ஓடும்.

எழுதியது எதில் ஓடும்? இன்று இணையக் கடைகளிலும் டவுன் கடைகளிலும் கேம் ஸ்டிக் என்று ஒன்று விற்கிறார்கள். டீவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் வயரில்லாத இரண்டு கட்டையோடு பத்தாயிரம் கேம் என்கிறது. மைக்ரோ ஜீனியஸின் பேரப்பிள்ளை அது. அதன் மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டால் கோப்புறைகள் வரிசையாகத் தெரியும், அதில் ஒன்று ஃபெமிகொம். நீங்கள் எழுதிய கோப்பை அங்கே சேர்த்து ஓட வைக்கலாம். அன்ட்ரொயிட் போனிலும் ஓடும். தட்டில் கிடக்கும் பழைய மைக்ரோ ஜீனியஸிலும், எழுதி அழிக்கக்கூடிய கெசட் ஒன்று கிடைத்தால் ஓடும். முதல் மரியோ கேம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் இருக்கிறது. ஒருவர் மற்றவருக்கு வாட்ஸப்பிலேயே அனுப்பிவிடலாம். டேட்டா செலவு கணக்கில் வராது.

இது என் மூளையில் முதலில் உதித்த யோசனை அல்ல. டெரெக் லோமாஸ் என்ற அமெரிக்க இளைஞர் இந்தியச் சந்தைகளில் பத்துப் பன்னிரண்டு டொலருக்கு விசைப்பலகையோடு விற்ற ஃபெமிகொம் நகல்களைப் பார்த்து, 2008இல் நண்பர்களோடு பிளேபவர் என்ற அமைப்பைத் தொடங்கினார். பெட்டி ஏற்கெனவே ஏழை வீட்டில் இருக்கிறது, நல்ல கெசட் மட்டும் எழுதுவோம் என்பதுதான் திட்டம். எனக்கு அது மிகப் பிடித்த திட்டம். பின்னர் மலிவு டப்லட் வந்ததும் அவர்களும் தொடுதிரைப் பக்கம் போய்விட்டார்கள். கேமை எழுதியவர்கள் அதிகமும் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதுதான் அதன் பலவீனம் என்று நினைக்கிறேன். அவர்கள் வேறு பக்கம் திரும்பியதும் எழுத ஆள் இருக்கவில்லை. இங்கே எழுதுபவர்கள் இங்கேயே இருக்கவேண்டும்.

தமிழில் எழுத முடியுமா என்று கேட்பீர்கள். முடியும், கொஞ்சம் மல்லுக்கட்டவேண்டும். அந்தப் பெட்டி எழுத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரமாகத்தான் வரையும். பின்னணிக்கு ஒரே நேரத்தில் 256 சதுரம். ஆங்கிலத்துக்கு 26 போதும். தமிழுக்கு 247 எழுத்து, அதில் ஞ, ண, ஐகாரம், ஔகாரம் எதுவும் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடங்காது. எனவே கேமில் வரும் வசனத்தை முதலில் எழுதி முடித்து, அதில் வரும் எழுத்துகளை மட்டும் வரையவேண்டும். சொற்சிக்கனம் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. புதிய கருவிகளிலும் தமிழ் சும்மா வரவில்லை. ஆர்ஜென்டினாவில் பிறந்து 2014இல் திறந்த மென்பொருளாக வந்த கோடோ என்ற கேம் இயந்திரத்தில், 2023இல் நாலாம் பதிப்பு வரும் வரைக்கும் ஒற்றைக்கொம்பு தன் இடத்தில் நிற்காது, கொ என்று அடித்தால் சிதறும். திறந்த கருவி என்பதால் திருத்த முடிந்தது. கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்து 2023இல் வந்த வெண்பா என்ற கேமைப் பாருங்கள்: டொரொன்டோவில் விசை கேம்ஸ் செய்தது, 2024இல் பாஃப்டா விருதும் சுயாதீன கேம் விழாவின் முதற்பரிசும் எடுத்தது. தமிழ் வீட்டுக் குசினி ஒன்று உலகத்தையே உட்கார வைத்தது. ஆனால் வந்தது நிண்டெண்டோ, சோனி, மைக்ரோசொஃப்ட் பெட்டிகளிலும் கணினியிலும். நிந்தவூர்ப் பிள்ளையிடம் அவை இல்லை.

காசு? எழுதுபவன் எப்படிச் சாப்பிடுவான்? இதற்கு என்னிடம் அழகான பதில் இல்லை, சாதாரணப் பதில்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்கு விற்று வாழலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டமாட்டேன்; பேபால் வழியாகக் காசு அனுப்பலாம், பெற முடியாது என்று நீண்ட காலம் இருந்த நாடு நம்முடையது. உள்ளூர்க் கடையில் மெமரி கார்டாக விற்கலாம். பத்தாயிரம் திருட்டுக் கேம் இலவசமாக இருக்கும்போது பத்துச் சொந்தக் கேமை யார் வாங்குவார் என்பது நியாயமான கேள்வி. மோனிக்காவை பிரேசில் பிள்ளைகள் வாங்கினார்கள், ஏனென்றால் அந்த முகம் வேறு எந்தக் கெசட்டிலும் இல்லை. நம் பிள்ளைக்கும் வேறெங்கும் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தால்தான் வாங்குவான். ஆரம்பத்தில் இது சம்பளமாக இராது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. இறுதி வருட மாணவர் ஒருவருக்கு இது ஒரு செயற்றிட்டமாக அமையும், பாடசாலைக் கணினிக் கழகத்துக்கு ஒரு தவணை வேலையாக அமையும். விற்பனை எண்ணிக்கையை வைத்து வெற்றியை அளந்தால் நாம் ஊயாவிடமும் தோற்போம். மருதமுனைப் பிள்ளை எழுதியதை அட்டாளைச்சேனைப் பிள்ளை அடுத்தவனுக்குக் கொடுக்கிறானா என்று பார்த்தால் ஒரு வருடத்திலேயே தெரிந்துவிடும்.

என்ன எழுதுவது என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். கரைவலை ஒன்று செய்யலாம், யானை வயலுக்குள் வருவது ஒன்று செய்யலாம். முதலில் கிளித்தட்டு. இரண்டு கட்டைக்கு அதுதான் பொருத்தம்: ஒருவர் கோடு காக்கிறார், மற்றவர் கோடு தாண்டுகிறார், நடுக்கோட்டில் கிளி ஓடுகிறது. களம் முழுக்கக் கோடு, ஆகவே வரைவது சுலபம். ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஒரு கிடைவரியில் எட்டு நகரும் சதுரத்துக்கு மேல் காட்ட முடியாது. ஒரு ஆளுக்கு அகலத்தில் இரண்டு சதுரம், ஆக ஒரு வரிக்கு நாலு பேர். ஆட்டம் தொடங்கும்போது தாண்டுகிறவர்கள் ஐந்து பேரும் முதல் கோட்டில் வரிசையாக நின்றால் ஐந்தாவது ஆள் திரையில் தெரியமாட்டான். கோட்டுக்காரர் வந்து நின்றால் இன்னும் ஒருவன் மறைவான். தாய்வான்காரர் கெசட்டில் ஆட்கள் மினுக்கி மினுக்கித் தெரிந்தார்களே, அது பழுது அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் ஒருவரை மாற்றி மாற்றி மறைத்து எல்லாரும் இருப்பதுபோல் காட்டும் வித்தை. நாமும் அப்படி மினுக்கவைப்பதா, அல்லது ஆட்களை ஒரு படி மேலும் கீழுமாக நிறுத்தி வரிசையை உடைப்பதா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் அப்படிச் செய்தால் முன்னால் நிற்பவனுக்கு ஒரு எட்டு மிச்சம் கிடைக்கிறது, அது அளாப்பல். கிளித்தட்டு நன்றாக விளையாடியவர்கள் இந்தச் சபையில் இருப்பீர்கள். தேநீர் வருவதற்குள் இதற்கு ஒரு முடிவு சொல்லுங்கள்.